புல்வெளிக்குச் சொந்தக்காரர்கள்



ஏப்ரல் பிறந்தால் நமது அலுவலகத் தொலைபேசியில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். இங்கிலாந்தின் புதிய குடியிருப்புகளில் வீடு வாங்கிப் போன வாசகர்கள் கேட்கும் கேள்வி அது. "வீடு ஃப்ரீஹோல்ட் என்று சொல்லித்தான் விற்றார்கள். கவுன்சில் டாக்ஸும் மாதம் தவறாமல் கட்டுகிறோம். இப்போது ஏதோ ஒரு மேனேஜ்மென்ட் கம்பனி முந்நூறு பவுண்டு கேட்டு எழுதியிருக்கிறது. இவர்கள் யார்? கட்டாவிட்டால் என்ன செய்வார்கள்?"

ஆயுள் முழுக்க உழைத்த காசைக் கொட்டி வீடு வாங்கிய பிறகு, பெயர் தெரியாத ஒரு கம்பனியிடமிருந்து கடிதம் வந்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? அப்படிக் கேட்பவர்களிடம், கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் கம்பனிப் பெயரையும் பதிவு எண்ணையும் கம்பனிஸ் ஹவுஸ் இணையதளத்தில் தட்டிப் பார்க்கச் சொல்வேன். அதற்குக் காசு எதுவும் கட்ட வேண்டாம். பார்த்துவிட்டுத் திரும்ப அழைக்கும் பலர் சொல்வது ஒன்றுதான்: டைரக்டர்களின் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. அந்தக் கம்பனி அவர்களுடையதேதான். வீடு வாங்கிய அன்று சொலிசிட்டர் நீட்டிய தாள்களோடு தாளாக, அதன் அங்கத்தவராக அவர்களும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கம்பனியைப் பற்றித்தான். நம்மவர்களில் பலர் புறநகர்ப் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கும் காலம் இது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே வாழ்வது வீட்டில் பாதியைப் பூட்டி வைத்துவிட்டு மீதியில் குடியிருப்பதற்குச் சமம் என்று மனதார நம்புகிறேன்.

கம்பனி எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வீடு கட்டும் நிறுவனம், முதல் வீட்டை விற்பதற்கு முன்னாலேயே இப்படியொரு கம்பனியைப் பதிவு செய்துவிடும். பெரும்பாலும் அது பங்குகள் இல்லாத, அங்கத்தவர்களின் உத்தரவாதத்தில் நிற்கும் கம்பனி. அது நொடித்துக் கலைக்கப்பட்டால் ஒவ்வொரு அங்கத்தவரும் கொடுக்க வேண்டியது பொதுவாக ஒரே ஒரு பவுண்டு. இலாபம் பிரித்துக் கொடுக்கும் வேலை இதற்குக் கிடையாது. தொடக்கத்தில் கட்டிய நிறுவனத்தின் ஊழியர்களே டைரக்டர்களாக இருப்பார்கள். வீடுகள் விற்க விற்க, வாங்கியவர்கள் அங்கத்தவர்களாகச் சேர்வார்கள். கடைசி வீடும் விற்றான பின் நிறுவனத்தின் ஆட்கள் விலகிக்கொள்ள, குடியிருப்பவர்கள் டைரக்டர்களாக வருவார்கள். கவுன்சில் பொறுப்பேற்காத சாலை, நடைபாதை, புல்வெளி, மரங்கள், சிறுவர் விளையாட்டிடம், மழைநீர்க் குளம் எல்லாம் நிலப் பதிவேட்டில் கம்பனியின் பெயருக்கு மாற்றி எழுதப்படும். இந்தக் கைமாற்றம் சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. சாலையின் மேல்பூச்சு முடிந்திருக்காது, நட்ட மரங்களில் சில பட்டுப்போயிருக்கும், குடியிருப்பவர்கள் அதையெல்லாம் முடித்துத் தந்தால்தான் ஏற்போம் என்பார்கள். அப்படிச் சொல்வது சரியான நிலைப்பாடு. அவசரப்பட்டு வாங்கிக்கொண்டால் அந்தக் குறைகள் அத்தனையும் உங்கள் செலவாகிவிடும்.

உங்கள் வீட்டின் பதிவில் ஒரு கட்டுப்பாடும் எழுதப்பட்டிருக்கும். கம்பனிக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாயிற்று என்ற சான்று இல்லாமல், வாங்குபவரின் பெயருக்கு அந்த வீட்டை மாற்ற முடியாது. கட்டாமல் விட்ட நிலுவை வீட்டை விற்கும் நாளில் வாசலில் வந்து நிற்பது இதனால்தான்.

சரி, புல் வெட்டுவதற்கு எதற்கு ஒரு கம்பனி? ஊர்கூடிச் செய்துகொள்ளக் கூடாதா? இங்கிலாந்தின் நிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதுதான் கதை, அதுவும் நூறாண்டைத் தாண்டிய கதை. 1885இல் ஓல்டாம் நகரத்துச் சாலை ஒன்றைப் பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று ஒரு வழக்கு வந்தது. 'நான் இதைப் பராமரிப்பேன்' என்று ஒருவர் எழுதிக் கொடுக்கும் வாக்கு, அவர் அந்த நிலத்தை விற்றதும் அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 'இங்கே கடை வைக்கமாட்டேன்' என்பதுபோல ஒன்றைச் செய்யாதிருக்கும் வாக்கு நிலத்தோடு போகும், காசு செலவழித்து ஒன்றைச் செய்யும் வாக்கு போகாது. 1994இல் ஒரு வீட்டுக் கூரையைப் பற்றிய வழக்கில் பிரபுக்கள் சபையும் இதையே உறுதி செய்தது. அப்படியானால் முதலில் வாங்கியவர் புல்வெளிக்குப் பணம் கட்டுவார், அவரிடம் வாங்கியவர் கையை விரிக்கலாம். ஒரு தலைமுறைக்குள் பொது இடம் பற்றைக்காடாகிவிடும்.

வழியைத் திறந்தது லிவர்பூல். நகரத்தின் தெற்கே மெர்சி ஆற்றங்கரையில் கிரெஸ்ஸிங்டன் பார்க் என்ற விக்டோரியா காலக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. 1851இல் எழுதிய பத்திரத்தின்படி சாலைகள், கழிவுநீர்க் குழாய்கள், ஆற்றோர நடைபாதை, அலை தடுக்கும் சுவர் எல்லாம் பொதுவில் இருக்கும். மனை வாங்கியவர்கள் அவரவர் பங்கைக் கொடுப்பார்கள். நூறாண்டு கழித்து, பல பிளாட்டுகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு வீட்டிடம் கூடுதல் பங்கு கேட்டதில் தகராறு மூண்டு நீதிமன்றம் ஏறியது. 1957இல் நீதிபதி அப்ஜான் சொன்ன கொள்கை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது: அந்தச் சாலையில் நடந்து, அந்தக் குழாயில் கழிவுநீரை விடுகிறவர், அதற்கான சுமையை மட்டும் ஏற்கமாட்டேன் என்று சொல்ல முடியாது. நயமும் நியாயமும் ஒருங்கே உள்ள தீர்ப்பு அது. பிறகு 1977ஆம் ஆண்டுச் சட்டம் பழைய காலத்து நிலவாடகைகளைப் புதிதாக உருவாக்கத் தடை போட்டபோதும், குடியிருப்புப் பராமரிப்புக்கான கட்டணத்துக்கு மட்டும் கதவைத் திறந்தே வைத்தது. இந்தத் தூண்களின் மேல்தான் இன்றைய கம்பனிகள் நிற்கின்றன. சாலையையும் புல்லையும் தன் பெயரில் வைத்துக்கொள்ள, ஒப்பந்தம் போட, வழக்காட, வீடுகள் கைமாறினாலும் சாகாமல் இருக்க ஒரு சட்ட ஆள் வேண்டும். கம்பனி அந்த ஆள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். குடியிருப்பவர்களே நிர்வகிப்பது என்ற எண்ணத்தை அழகோடு சேர்த்துக் காட்டியவர்கள் இருவர். எரிக் லையன்ஸ் கட்டடக் கலைஞர். ஜெஃப்ரி டவுன்செண்டும் கட்டடக் கலைஞர்தான். ஆனால் அக்காலத்தில் அந்தத் தொழிலில் இருப்பவர் வீடு கட்டி விற்கும் வணிகம் செய்யக் கூடாது என்று விதி இருந்தது. டவுன்செண்ட் தன் தொழில் உறுப்புரிமையை விட்டுக் கொடுத்துவிட்டு வணிகரானார். ஸ்பான் என்ற பெயரில் இவர்கள் லண்டனைச் சுற்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். ஹாமில் பார்க்லீஸ், டெடிங்டனில் ஃபீல்ட்எண்ட், பிளாக்ஹீத்தில் வரிசையாகப் பல. கார்கள் ஓரத்தில் நிற்கும், வீடுகள் ஒரு பொதுத் தோட்டத்தைப் பார்த்து நிற்கும், வேலிகள் குறைவு, பழைய மரங்கள் வெட்டப்படாமல் இருக்கும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் குடியிருப்பவர்களின் சங்கம் ஒன்று. வீடு வாங்கினால் அதில் அங்கத்தவர். தோட்டத்தை வைத்திருப்பதும், வெளிப்பூச்சின் நிறத்தைத் தீர்மானிப்பதும் அந்தச் சங்கம்தான்.

பிளாக்ஹீத் பக்கம் போகிற வாசகர்கள் ஹால்கேட் என்ற கட்டடத்தின் நடைவழியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கீத் கோட்வின் செய்த சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது; ஒரு மனித உருவம் கட்டடத்துக்குள் அழுத்தப்பட்டு நெரிபட்டு நிற்கும். 'சமூகத்தில் கட்டடக் கலைஞன்' என்பது அதன் பெயர். திட்ட அனுமதிக்காகத் திரும்பத் திரும்ப மல்லுக்கட்ட வேண்டியிருந்த லையன்ஸின் நிலையைச் சொல்லும் சிற்பம். அத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் அவர் விடாத ஒன்று, கட்டி முடித்த தோட்டத்தை அங்கே வாழ்பவர்கள் கையிலேயே கொடுப்பது. கென்ட்டில் நியூ ஆஷ் கிரீன் என்று ஒரு கிராமத்தையே அவர்கள் தொடங்கினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடியிருப்போர் சங்கம், காடும் திடலும் சேர்ந்த பொது நிலத்துக்கு மொத்தக் கிராமத்துக்குமான சங்கம். லண்டன் மாநகர நிர்வாகம் வீடுகளை வாங்குவதாகச் சொல்லிப் பின்வாங்கியதும் ஸ்பான் பணநெருக்கடியில் விலகியது. வேறு நிறுவனம் வந்து மீதியைக் கட்டியது. கட்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கிராமச் சங்கம் இருக்கிறது.

ஸ்பான் விரும்பித் தேர்ந்தெடுத்த ஏற்பாடு இன்றைய குடியிருப்புகளில் பெரும்பாலும் வேறு காரணத்தால் வருகிறது. முன்பு வீடு கட்டும் நிறுவனம் சாலை போட்டால், கவுன்சில் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் கட்டாயம் ஏதும் இல்லை. பணமில்லாத கவுன்சில்கள் பொறுப்பேற்கத் தயங்குகின்றன, அல்லது எதிர்காலப் பராமரிப்புக்கு முன்கூட்டியே பெருந்தொகை கேட்கின்றன. கவுன்சிலின் தரத்துக்குச் சாலை போடுவதைவிட அதைக் குடியிருப்பவர்கள் தலையில் விடுவது நிறுவனங்களுக்கும் இலேசாக இருக்கிறது. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 பெப்ரவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, 11 பெரிய நிறுவனங்கள் 2021–22இல் விற்ற புதிய ஃப்ரீஹோல்ட் வீடுகளில் 80 சதவீதத்துக்கு இப்படியான பராமரிப்புக் கட்டணம் உண்டு. சராசரி ஆண்டுக்கு 350 பவுண்டு. கவுன்சில் டாக்ஸ் முழுதாகக் கட்டும் ஒருவர் தன் தெருவிளக்குக்குத் தனியாகவும் கட்டுவது அநியாயம் என்ற உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் நாடாளுமன்றமும் கவுன்சிலும். அந்தச் சுமையைச் சம்பளமில்லாமல் தூக்கும் பக்கத்து வீட்டு டைரக்டரின் மேல் அதைக் கொட்டாதீர்கள்.

எங்கள் குடியிருப்பில் மூலைவீட்டு அக்காவுக்கும் எனக்கும் இதைப் பற்றி நடந்த பேச்சு நினைவிருக்கிறது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உவங்கள் ஆர் எங்களிட்டக் காசு கேக்க?"

"உவங்கள் எண்டு ஒருத்தரும் இல்லை அக்கா. நீங்களும் நானும் உந்த முப்பத்தெட்டாம் நம்பர்க்காரரும்தான்."

"நான் எப்ப கேட்டனான்?"

"போன வருசக் கூட்டத்திலை. நீங்கள் வரேல்லை, அதாலை நாங்கள் கேட்டுப்போட்டம்."

அக்கா சிரித்தார். பிறகு கணக்கைக் காட்டச் சொன்னார். அவர் ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கு எழுதியவர். அரை மணி நேரத்தில் வரவுசெலவுத் திட்டத்தில் எது கூட, எது குறைய என்று சொல்லிவிட்டார். இப்போது அவர் எங்கள் டைரக்டர்களில் ஒருவர்.

அந்த வரவுசெலவுத் திட்டத்தைத்தான் நீங்களும் முதலில் பார்க்க வேண்டும். ஒரு சிறிய குடியிருப்பில் பணம் போகும் வழிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். புல் வெட்டு, வேலிச்செடி கத்தரிப்பு, மரங்களைத் தகுதியானவர் வந்து சோதிப்பது, தனியார் தெருவிளக்குகளின் மின்சாரம், விளையாட்டிடத்தின் பாதுகாப்புச் சோதனை, கழிவுநீர் ஏற்றும் பம்ப் இருந்தால் அதன் சேவை. பொது இடத்தில் யாராவது தடுக்கி விழுந்தால் வரும் வழக்குக்கு ஒரு காப்புறுதி, டைரக்டர்களுக்கு ஒரு காப்புறுதி, கணக்காளர், நிர்வாக ஏஜென்ட். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகக் கூடாத வரி, சேமநிதி. உதாரணத்துக்கு 60 வீடுகள், இருபது ஆண்டு கழித்துச் சாலையின் மேல்தளத்தை மாற்ற 90,000 பவுண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இன்றிலிருந்து வீட்டுக்கு ஆண்டுக்கு 75 பவுண்டு ஒதுக்கினால் போதும். ஒதுக்காமல் விட்டால் அந்த ஆண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி 1,500 பவுண்டு கேட்க வேண்டிவரும். 'இந்த வருடம் கட்டணத்தைக் குறைத்துவிட்டோம்' என்று கைதட்டு வாங்கும் டைரக்டர்கள் பல சமயம் சேமநிதியில்தான் கை வைத்திருப்பார்கள். அதைக் கேளுங்கள்.

ஏஜென்ட்டைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கட்டணக் கடிதம் ஏஜென்ட்டின் முகவரியில் வருவதால் பலர் அவரையே முதலாளி என்று நினைக்கிறார்கள். அவர் கம்பனியின் கூலிக்கு வேலை செய்பவர். ஒப்பந்தம் முடிந்ததும் மாற்றலாம், வேறு மூன்று பேரிடம் விலை கேட்கலாம். சின்னக் குடியிருப்புகள் சில, ஏஜென்ட்டே இல்லாமல் ஒரு கணக்காளரையும் ஒரு தோட்டக்காரரையும் வைத்து ஓட்டுகின்றன. இந்தச் சுதந்திரம் எல்லாக் குடியிருப்புக்கும் வாய்க்கவில்லை. சில இடங்களில் பத்திரத்திலேயே வெளியாள் கம்பனி ஒன்றின் பெயர் எழுதப்பட்டிருக்கும். குடியிருப்பவர்களுக்கு அதில் ஓட்டும் இல்லை, அதை நீக்க வழியும் இல்லை. வீடு வாங்கப் போகிற வாசகர்கள் தயவுசெய்து இந்த ஒன்றைச் சொலிசிட்டரிடம் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்: இந்தப் பொது நிலம் யார் கையில் போகப் போகிறது, அந்தக் கம்பனியில் எனக்கு ஓட்டு உண்டா? சமையலறை மேடையின் நிறத்தைத் தேர்வதற்கு எடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

சட்டத்தின் பாதுகாப்பு மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. லீஸ்ஹோல்ட் பிளாட்டில் இருப்பவர்களுக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும் பெரிய வேலைக்கு முன் கலந்து பேச வேண்டும் என்றும் உரிமை இருந்துவருகிறது. ஃப்ரீஹோல்ட் வீட்டுக்காரர்களுக்கு அது இல்லாமலே இருந்தது. 2024 மே மாதம் நிறைவேறிய லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் அவர்களுக்கும் தீர்ப்பாயத்தின் கதவைத் திறக்கிறது. அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வர வேண்டியவை. ஸ்கொட்லாந்தில் சட்டமே வேறு. அங்குள்ள வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்னையிலிருந்து வந்த நண்பர்கள் "நம்மூர் அபார்ட்மென்ட் அசோசியேஷன் மாதிரிதானே?" என்று கேட்பார்கள். உணர்வில் அதுதான். அங்கே பல சங்கங்கள் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. இங்கே இது முழுக் கம்பனி. டைரக்டராகப் பெயர் கொடுத்த நாளிலிருந்து 2006ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் கடமைகள் உங்களைப் பிடித்துக்கொள்ளும். கம்பனியின் விதிகளுக்குள் நடக்க வேண்டும், அங்கத்தவர்களின் நன்மையை முன்வைக்க வேண்டும், சொந்தப் புத்தியோடு முடிவெடுக்க வேண்டும், நியாயமான கவனம் காட்ட வேண்டும். மைத்துனருக்குத் தோட்ட ஒப்பந்தம் கொடுக்க நினைத்தால் முதலில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். பயப்படத் தேவையில்லை. நேர்மையும் ஒழுங்காகக் காகிதம் வைத்திருப்பதும் இருந்தால் போதும்.

காகிதம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இந்தக் கம்பனிகளைக் கொல்வது பணமின்மையைவிடக் காகிதம்தான். ஆண்டுக் கணக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கம்பனிஸ் ஹவுஸில் போட வேண்டும். தாமதித்தால் அபராதம் 150 பவுண்டில் தொடங்கி, ஆறு மாதம் தாண்டினால் 1,500 வரை போகும். அதோடு ஆண்டுக்கொரு முறை விவரங்களை உறுதிப்படுத்தும் அறிக்கையும் போக வேண்டும். இவை போகாவிட்டால் பதிவாளர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார். அது எந்த முகவரிக்குப் போகும்? பதிவு அலுவலகம் என்று எழுதியிருக்கும் முகவரிக்கு, சில சமயம் மூன்றாண்டுக்கு முன் விலக்கிய ஏஜென்ட்டின் பழைய அலுவலகத்துக்கு. யாரும் பார்க்கமாட்டார்கள். அரசிதழில் அறிவிப்பு வரும், அதையும் யாரும் பார்க்கமாட்டார்கள். கம்பனி பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்ட கணத்தில் அதன் பெயரில் இருந்த சாலை, புல்வெளி, குளம், வங்கியில் இருந்த சேமநிதி அத்தனையும் உரிமையாளர் இல்லாத சொத்தாக முடியாட்சிக்குப் போய்விடும். லங்காஷயரிலும் கோர்ன்வாலிலும் அங்குள்ள டச்சி எனப்படும் அரச குடும்ப எஸ்டேட்டுகளுக்குப் போகும். யாராவது வீடு விற்கப் போய், கம்பனியின் சான்று கேட்டால்தான் கம்பனியே இல்லை என்பது தெரியவரும். ஆறு ஆண்டுக்குள் விண்ணப்பித்துத் திரும்ப உயிர்ப்பிக்கலாம். கட்டணம், அபராதம், சொலிசிட்டர் செலவு, காத்திருப்பு எல்லாம் சேரும். இன்றே உங்கள் கம்பனியின் பக்கத்தைத் திறந்து, பதிவு முகவரி சரியா, கணக்கு எப்போது போயிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் பக்கத்து ஆரம்பப் பாடசாலையின் மண்டபத்தில், சிறுவர்களின் குட்டிக் கதிரைகளுக்கு நடுவே நடக்கும். ஒருமுறை மழைநீர்க் குளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. குடியிருப்பின் கூரைகளிலும் சாலையிலும் விழும் மழை அதற்குள் போய்த் தங்கி, ஒரு சிறிய திறப்பு வழியாக மெல்ல ஓடைக்குப் போக வேண்டும். அந்த மாரியில் தண்ணீர் இறங்காமல் நடைபாதைவரை வந்துவிட்டது. குளத்தை ஆழமாக்க வேண்டும் என்றார் ஒருவர். பெரிய விலைப்புள்ளி ஒன்றும் கையில் இருந்தது. பின்வரிசையில் இருந்து, அதுவரை வாய் திறக்காத ஒரு பெரியவர் எழுந்தார். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர், மகனோடு இருக்க வந்தவர். ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: குளத்தில் பிழையில்லை, தண்ணீர் வெளியேறும் துருசைப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை மூடியைத் தூக்கிப் பார்த்தோம். தண்ணீர் போகும் திறப்பின் முன்னால் இருந்த கம்பி வலையில் இலையும் பிளாஸ்டிக் பையும் கையளவு கனத்துக்குப் பாய்போல ஒட்டிக்கிடந்தன. நீண்ட கைப்பிடி வாரியால் இழுத்ததும் தண்ணீர் சத்தத்தோடு இறங்கத் தொடங்கியது. இலையுதிர்காலம் முடிந்ததும் அந்த வலையைச் சுத்தம் செய்து படம் அனுப்ப வேண்டும் என்ற வரி, அதற்குப் பிறகு தோட்ட ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. பெரியவரைக் கேட்டேன், ஐயா, முதலே ஏன் சொல்லவில்லை என்று. "எங்கடை பயிர்ச்செய்கைக் கூட்டத்திலை எல்லாரும் கூடித்தான் தண்ணி திறக்கிற திகதியை முடிவெடுப்பம் தம்பி. இஞ்சையும் அப்பிடியொரு கூட்டம் இருக்கெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை" என்றார்.

அவர் வீட்டு உரிமையாளர் இல்லை, ஓட்டும் அவருக்கு இல்லை. மகன் ஓட்டுப் போட்டார், அப்பா குளத்தைக் காப்பாற்றினார். நம் வீடுகளில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடை நடத்தி விலை பேசப் பழகியவர்கள், கணக்காளர்கள், மின்வேலை தெரிந்தவர்கள், மண்ணையும் மரத்தையும் பார்த்தே சொல்லக் கூடியவர்கள். ஆனால் கூட்டத்துக்கு மட்டும் வருவதில்லை. ஆங்கிலம் சரளமாக வராது என்ற கூச்சம், வேலை நேரம், 'வெள்ளைக்காரர் பார்த்துக்கொள்வார்கள்' என்ற எண்ணம். பிறகு, வேன் நிறுத்தக் கூடாது என்ற விதியோடு கடிதம் வரும்போது, கடைக்கு வேன் ஓட்டும் நம்மவருக்குத்தான் அது வலிக்கிறது. அந்தக் கட்டுப்பாடு பத்திரத்தில் இருக்கலாம். அதை எப்படி அமல்படுத்துவது, இரவில் எங்கே நிறுத்த இடம் ஒதுக்குவது என்பதெல்லாம் கூட்டத்தில் பேசித் தீர்க்கக் கூடியவை. பேசுபவர் அங்கே இருக்க வேண்டும்.

நேரில் போக முடியாதவர்களுக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. கூட்டத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 14 நாள் முன்னறிவித்தல் வேண்டும். உங்களுக்குப் பதில் ஒருவரை அனுப்பிப் பேசவும் ஓட்டுப் போடவும் செய்யலாம். அந்தப் படிவத்தை 48 மணி நேரத்துக்கு முன்பாகவே கொடுத்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் கம்பனி நிபந்தனை போட முடியாது. டைரக்டர்கள் கூட்டமே வைக்காவிட்டால், ஓட்டுகளில் 5 சதவீதம் உள்ள அங்கத்தவர்கள் எழுதிக் கேட்டால் அவர்கள் கூட்டியாக வேண்டும். 60 வீட்டுக் குடியிருப்பில் அது மூன்று வீடு. டைரக்டர் ஒருவரை நீக்க வேண்டுமென்றால் 28 நாள் முன்னறிவித்தலோடு, கூட்டத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். இந்த அதிகாரங்களை முதல் நாளே வாளாக உருவ வேண்டாம். பெரும்பாலான டைரக்டர்கள், வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, விளக்குக் கம்பம் எரியவில்லை என்ற மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் சாதாரண மனிதர்கள். முதலில் ஒரு நன்றி சொல்லுங்கள், பிறகு கணக்கைக் கேளுங்கள்.

உங்கள் குடியிருப்பின் கதைகளை எழுதி அனுப்புங்கள்: ஏஜென்ட்டை மாற்றிய அனுபவம், நிறுவனத்திடமிருந்து நிலத்தைக் கைமாற்றி வாங்கிய பாடு, சேமநிதி கட்டிய விதம், தோற்ற கூட்டமும்கூட. பெயரும் இடமும் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடமாட்டோம். அடுத்த இதழில், வீட்டுப் பத்திரத்தில் இந்தக் கம்பனியைப் பற்றிய பக்கங்களை எப்படி வாசிப்பது என்று ஒரு சொலிசிட்டர் வரி வரியாக விளக்குவார். அதற்குள் உங்கள் பத்திரக் கட்டை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்